அர்த்தசாஸ்திரம், கிரே, யூக்ளிட்: எந்த மறுபதிப்பை வாங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு நன்கொடை வந்திருக்கிறது. அரசியல், மருத்துவம், கணிதம் மூன்றிலும் பேர்போன பழைய நூல்களின் மறுபதிப்புகளை வாங்கி ஓர் அலமாரி வைக்கலாம் என்று நினைக்கிறோம். இணையத்தில் தேடினால் ஒரே நூல் சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, பல ஆயிரத்துக்கும் இருக்கிறது. எதை நம்பி வாங்குவது? நூறு வருடத்துக்கு முந்தைய மருத்துவ நூலை வாங்கி வைப்பதால் யாருக்காவது பிரயோசனம் உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு, ஆனால் வைத்தியம் பார்ப்பதற்கு அல்ல. அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? தாளும் அட்டையும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காப்புரிமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும். மொழிபெயர்த்தவருக்கும் அதே உரிமை தனியாக உண்டு. அர்த்தசாஸ்திரம் எழுதிய கௌடில்யருக்கோ, கிரேக்க மொழியில் வடிவியல் எழுதிய யூக்ளிடுக்கோ யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் அவர்களை ஆங்கிலத்தில் தந்தவருக்குக் கட்ட வேண்டும். எனவே மலிவாக அச்சடித்து விற்க நினைப்பவர், உரிமை தீர்ந்துபோன மொழிபெயர்ப்பைத்தான் எடுப்பார். அதாவது, இருப்பதிலேயே பழையதை. சில நூல்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சில நூல்களுக்குப் பெரிய நஷ்டம். எந்த நூலுக்கு எது என்று பார்த்து வாங்கினால் உங்கள் பணம் வீண்போகாது.

அர்த்தசாஸ்திரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்த நூல் பிறர் நூல்களில் வரும் மேற்கோள்களாகவே தெரிந்திருந்தது. 1905-ல் தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் அரசு கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி அது என்ன என்று கண்டுகொண்டு, 1909-ல் மூலத்தையும் 1915-ல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். பண்டைய இந்திய அரசு பற்றிய ஆராய்ச்சியையே திருப்பிப்போட்ட வேலை அது. ஆனால் அவர் கையில் இருந்தது ஒரு சுவடியும் ஓர் அரைகுறை உரையும்தான். அதைக் கொண்டு அவர் செய்தது ஆச்சரியம். அதிலேயே நாம் நின்றுவிடுவது வேறு விஷயம்.

பிறகு வேறு சுவடிகள் கிடைத்தன. திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி 1924-25-ல் தாமே எழுதிய உரையோடு மூன்று தொகுதிகள் கொண்டுவந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக காங்ளே, கிடைத்த சுவடிகளை எல்லாம் ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, 1960-ல் மூலமும் 1963-ல் மொழிபெயர்ப்பும் 1965-ல் ஆய்வுமாக மூன்று பாகங்கள் வெளியிட்டார். உ.வே.சா. பதிப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு, ஒற்றைச் சுவடியில் நிற்கும் பதிப்புக்கும் பல சுவடிகளை ஒப்பிட்ட பதிப்புக்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை. காங்ளேவை மோதிலால் பனார்சிதாஸ் மறுபதிப்பாகத் தொடர்ந்து வெளியிட்டு வந்திருக்கிறார்கள். 2013-ல் பாட்ரிக் ஒலிவெல்லின் புதிய மொழிபெயர்ப்பு ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது.

கடைகளில் பளபளப்பான அட்டையில் சாணக்கியர் படத்தோடு கிடைப்பது பெரும்பாலும் 1915-ன் சாமசாஸ்திரிதான். பல பதிப்புகளில் அவர் பெயர்கூட இருக்காது. அவர் 1944-ல் காலமானார், உரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் நூலுக்கு வாசகசாலைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பெங்குவின் வெளியீடாக வந்த ரங்கராஜன் பதிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படிக்க இதைவிட எளிது வேறில்லை. ஆனால் அவர் மூலத்தின் வரிசையைக் கலைத்து, பொருள்வாரியாக மாற்றி அடுக்கியிருக்கிறார். ஓர் உதாரணம்: இரண்டாம் அதிகரணத்தின் (பெரும்பகுதியின்) எட்டாம் அத்தியாயத்தில் அதிகாரிகள் அரசுப் பணத்தைக் கையாடும் நாற்பது வழிகளைக் கௌடில்யர் பட்டியல் போடுகிறார். அடுத்த அத்தியாயத்தில், நீருக்குள் திரியும் மீன் நீர் குடிக்கிறதா இல்லையா என்று அறிய முடியாததுபோல, பொறுப்பில் இருக்கும் அதிகாரி பணம் எடுப்பதையும் அறிய முடியாது என்கிறார். மேடையில் மீனை மட்டும் சொல்வார்கள், அது ஏதோ பொன்மொழி மாதிரி ஒலிக்கும். மூல வரிசையில் படித்தால்தான், அது கணக்குத் தணிக்கை, ஆள் நியமனம், வேவு பார்த்தல் என்று போகும் நிர்வாகக் குறிப்பின் நடுவில் வருகிற வரி என்பது புரியும். ரங்கராஜன் ஒவ்வொரு இடத்துக்கும் மூலத்தின் அத்தியாய எண்ணைக் கொடுத்திருப்பதால் நேர்மையான வேலைதான். புதிதாக வருகிறவர் கையில் அதைக் கொடுங்கள், பக்கத்தில் காங்ளே அல்லது ஒலிவெல் இருக்கட்டும்.

இன்னொன்று. காங்ளே இந்த நூல் ஒரே ஆசிரியருடையது என்ற கட்சி. 1971-ல் டிராட்மன் என்ற ஆய்வாளர் சொற்கள் வரும் விகிதத்தைப் புள்ளியியல் முறையில் எண்ணிப் பார்த்து, பல கைகள் பட்ட நூல் என்று வாதிட்டார். காங்ளே பதிப்பின் மூன்றாம் பாகத்தில் அந்த விவாதத்துக்கு இடமே இல்லை, காலம் அப்படி. ஒலிவெல் முன்னுரையில் இருக்கிறது. மறுபதிப்பு எந்த ஆண்டு அச்சானாலும், அதன் அறிவு முதல் பதிப்பு வந்த ஆண்டோடு நின்றுவிடும்.

நம் பக்கத்து வாசகர்களுக்காக ஒரு சின்ன விலகல்: அர்த்தசாஸ்திரத்தின் கடைசி அதிகரணம், நூல் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கான 32 தந்திரயுக்திகளைச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதையிலும் 32 உண்டு. தொல்காப்பிய மரபியலும் நன்னூல் பாயிரமும் 32 உத்திகளைச் சொல்கின்றன. அரசியல், மருத்துவம், இலக்கணம் மூன்றுக்கும் ஒரே நூல்முறை. உங்கள் அலமாரியில் இவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யாராவது ஒரு மாணவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இத்தாலியரான மாக்கியவெல்லியின் 'இளவரசன்' என்ற அரசியல் நூலின் கதையும் இதேதான். அவர் 1513-ல் எழுதினார், 1527-ல் இறந்தார், நூல் அச்சானது 1532-ல். இணையத்திலும் மலிவுப் பதிப்புகளிலும் சுற்றுவது மேரியட் 1908-ல் செய்த ஆங்கிலம். சின்ன நூல் என்பதால் நல்ல நவீன மொழிபெயர்ப்பும் அதிக விலை ஆகாது. குறிப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் காலத்து இத்தாலியில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று தெரியாமல் பாதி நூல் புரியாது.

இனி மருத்துவம். கிரேயின் உடற்கூறு நூல் 1858-ல் லண்டனில் வந்தது. ஹென்றி கிரே எழுதினார், ஹென்றி வான்டைக் கார்ட்டர் படம் வரைந்தார். மூன்றே ஆண்டில், 34 வயதில், அம்மை கண்டு கிரே இறந்துபோனார். நூல் மட்டும் கைமாறிக் கைமாறித் திருத்தப்பட்டு 2020-ல் 42-ஆம் பதிப்பைத் தொட்டது. ஆகவே 'கிரே' என்று ஒரே பெயரில் கிடைப்பவை முற்றிலும் வேறு வேறு நூல்கள். பெரிய அளவில் மலிவாகக் கிடைக்கும் ஒரு மறுபதிப்பு 1901-ன் அமெரிக்கப் பதிப்பின் நகல். இணையத்தில் இலவசமாக இருப்பது 1918-ன் அமெரிக்கப் பதிப்பு. மருத்துவக் கல்லூரி மாணவருக்கு வேண்டியது புதிய பதிப்பு. பழையதை அவர் பாடத்துக்குப் பயன்படுத்தினால் உறுப்புகளின் பெயர்களிலேயே இடறுவார், பல பெயர்கள் அதற்குப் பின் மாறிவிட்டன.

அப்படியானால் பழைய கிரே எதற்கு? கார்ட்டரின் படங்களுக்காக. அதுவரை வந்த பாட நூல்கள் பலவற்றில் உறுப்பின் மேல் ஒரு சிறு எழுத்தோ எண்ணோ இருக்கும், அதன் பெயரைப் பக்கத்தின் அடியில் தேட வேண்டும். கார்ட்டர் பெயரை அந்தந்த உறுப்பின் மேலேயே எழுதினார். தசை நார் ஓடும் திசையில் அதன் பெயரும் ஓடும், தமனி வளையும் இடத்தில் எழுத்தும் வளையும். இதற்காக அவர் மரக்கட்டையில் நேரடியாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றி வரைய வேண்டியிருந்தது. மறுபதிப்பை எடைபோட இந்த எழுத்துகளே உரைகல். மோசமாக ஸ்கேன் செய்த நூலில் படம் பார்க்க நன்றாகவே தெரியும், ஆனால் கழுத்து, உள்ளங்கை போன்ற நெருக்கமான படங்களில் அந்தப் பெயர்கள் கரிக்கோடாகக் கலங்கியிருக்கும். வாங்குவதற்கு முன் அப்படி ஒரு பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கார்ட்டர் நூல் வந்த ஆண்டிலேயே பம்பாய்க்கு வந்து, முப்பது வருடம் இந்தியாவில் வேலை பார்த்தார். 'மதுரைக் கால்' என்று உலக மருத்துவ நூல்களில் பெயர் பதிந்திருக்கும் பூஞ்சை நோயைப் பற்றி 1874-ல் விரிவான நூல் எழுதியவர் அவர்தான். வெறுங்காலோடு வயலில் வேலை செய்பவர்களுக்கு, முள் குத்திய இடத்தில் தொடங்கிப் பாதம் வீங்கிப்போகும் நோய் அது. கிரே பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, கார்ட்டர் பெயர் தெரிவதில்லை. அலமாரியில் ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டினால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

தமிழுக்கும் கிரே வந்திருக்கிறார். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவராக இருந்த சாமுவேல் கிறீன், உள்ளூர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அவரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து ஆங்கில மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கினார்கள். 'இரண வைத்தியம்', 'பிரசவ வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று வரிசையாக வந்தன. இதில் கடைசியாகச் சொன்னது கிரேயை ஒட்டியது. இவற்றில் எதற்காவது படங்கள் தெளிவாக உள்ள மறுபதிப்போ நகலோ கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 150 ஆண்டுகளுக்கு முன்பே அறுவை மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று வாயால் சொல்வதைவிட, நூலைத் திறந்து காட்டுவது மேல்.

வேசாலியஸ் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1543-ல், 28 வயதில், மனித உடலின் அமைப்பைப் பற்றி அவர் பாசலில் அச்சிட்ட நூலின் மரக்கட்டைகள் எப்படியோ நான்கு நூற்றாண்டுகள் பிழைத்துக் கிடந்தன. 1934-ல் மியூனிக்கில் அந்த அசல் கட்டைகளிலிருந்தே மறுபடி அச்சடித்தார்கள். சில ஆண்டுகளில் உலகப்போர்க் குண்டுவீச்சில் கட்டைகள் சாம்பலாயின. இனி எல்லாமே படத்தின் படம்தான். சாண்டர்ஸ், ஓமாலி இருவரும் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதித் தொகுத்ததை டோவர் என்ற பதிப்பகம் மறுபதிப்பாகக் கொடுத்தது. கையடக்க விலையில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதில் தோலுரிந்து நிற்கும் தசை மனிதர்கள் வரிசையைப் பாருங்கள். அவர்களின் பின்னால் தெரியும் மலையும் ஊரும், படங்களை அடுத்தடுத்து வைத்தால் ஒரே நிலக்காட்சியாகச் சேரும். ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கிய மலிவுப் பதிப்புகளில் இது காணாமல் போயிருக்கும்.

பழைய மருத்துவ நூல்களில் உள்ள மருந்துகளை யாரும் முயன்று பார்க்கக் கூடாது என்று அலமாரியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கிரேயின் முதல் பதிப்பு வந்தபோது லிஸ்டரின் கிருமிநாசினி அறுவை முறையே வரவில்லை, அது 1867-ல்தான். எக்ஸ்-ரே 1895-ல். பாதரசத்தை மருந்தென்று தாராளமாகக் கொடுத்த காலம் அது. நம் ஊர் சித்த, ஆயுர்வேத நூல்களின் மறுபதிப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். மருந்தின் அளவு, மூலப்பொருளைச் சுத்தம் செய்யும் முறை இரண்டிலும் ஓர் எழுத்துப் பிழை ஆளைக் கொல்லும்.

கணிதத்தில் நிலைமை தலைகீழ். நிரூபணம் பழசாவதில்லை. எனவே இங்கே பழைய பதிப்பை வாங்கத் தயங்க வேண்டாம். யூக்ளிடுக்கு ஹீத்தைவிட வாங்கத்தக்க ஆங்கிலப் பதிப்பு இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. தாமஸ் ஹீத் தொழில்முறைப் பேராசிரியர் இல்லை, பிரிட்டிஷ் நிதித்துறையில் உயர் அதிகாரி. ஹெய்பர்க் செம்மைப்படுத்திய கிரேக்க மூலத்திலிருந்து யூக்ளிட் நூலின் 13 புத்தகங்களையும் மொழிபெயர்த்து, 1908-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1926-ல் திருத்திய இரண்டாம் பதிப்பு. அதைத்தான் டோவர் 1956-லிருந்து மறுபதிப்பாகக் கொடுக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹீத்தின் மொழிபெயர்ப்பை மட்டும் எடுத்து, குறிப்புகளை விட்டுவிட்டு ஒரே தொகுதியாகப் போடுகிறவர்களும் உண்டு. வகுப்பில் கொண்டுபோய்ப் படிக்க அது வசதி. ஆனால் நூலகத்துக்கு வேண்டியது குறிப்புகள். முதல் புத்தகத்தின் முதல் தேற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் வரைய வேண்டும். கோட்டின் இரு முனைகளையும் மையமாக வைத்து, கோட்டின் நீளத்தையே ஆரமாக்கி, இரண்டு வட்டம் போடுகிறார் யூக்ளிட். அவை வெட்டும் புள்ளியை முனைகளோடு இணைக்கிறார். முடிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடச் செய்வான். ஆனால் அந்த இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்று எந்த எடுகோள் (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்று) சொல்கிறது? எதுவும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தால் தெரிகிறது, தர்க்கத்தில் ஓட்டை. அந்த ஓட்டையை யார் யார் கவனித்தார்கள், எப்படி அடைக்கலாம் என்று ஹீத் குறிப்பில் எழுதிக்கொண்டு போகிறார். இணைகோடுகள் பற்றிய ஐந்தாம் எடுகோளுக்கு அவர் எழுதிய குறிப்பு தனியாகவே ஒரு சிறுநூல் அளவு வரும். இதையெல்லாம் வெட்டிவிட்டால் மிஞ்சுவது பள்ளிக்கூட வடிவியல்.

சிறுவர்கள் வருகிற வாசகசாலை என்றால் ஆலிவர் பர்ன் 1847-ல் முதல் ஆறு புத்தகங்களுக்குச் செய்த வண்ணப் பதிப்பையும் பாருங்கள். கோணம் ABC என்று எழுதாமல் சிவப்புக் கோணம், நீலக் கோடு என்று படத்தையே வாக்கியத்துக்குள் வைத்திருப்பார். டாஷன் பதிப்பகம் அதன் நிழற்பதிப்பை (பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிட்டதை) வெளியிட்டிருக்கிறது. கறுப்பு வெள்ளையில் யாராவது விற்றால் ஓடிவிடுங்கள்.

நியூட்டனின் பிரின்சிபியாவுக்கு மட்டும் அரசியல் நூல்களின் விதி. மலிவாகக் கிடைப்பது 1729-ன் மோட் மொழிபெயர்ப்பு, அல்லது அதை 1934-ல் கஜோரி திருத்தியது. 1999-ல் வந்த கோஹன், விட்மன் பதிப்பே சரி, நீண்ட வழிகாட்டியோடு இருக்கிறது.

ராமானுஜன் இல்லாமல் இந்த அலமாரி நிறையாது. அவர் கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலை செல்சீ நிறுவனம் 1970-ல் மறுபதிப்பு செய்தபோது தலைப்பையே மாற்றிவிட்டது. இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஆயிரக்கணக்கான வாய்பாடுகள், நிரூபணம் பெயருக்கு. அதைப் புரட்டிப் பார்த்தால், ராமானுஜன் நோட்டுப் புத்தகங்கள் ஏன் அப்படி வெறும் முடிவுகளாக நிரம்பியிருக்கின்றன என்பது பாதி விளங்கும். மீதிப் பாதி சிலேட்டில் போட்டு அழித்தது, காகிதம் விலை அதிகம்.

அந்த நோட்டுகளின் அசல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் 1957-ல் இரண்டு தொகுதிகளாக நிழற்பதிப்பு போட்டது. ஒரு வரி விளக்கம்கூட இல்லை, பக்கம் பக்கமாகப் படம் மட்டும். கறுப்பு வெள்ளை வேறு. முதல் நோட்டை ராமானுஜன் பச்சை மையில் எழுதியிருந்தார் என்பது அதைப் பார்த்தால் தெரியாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உதவியோடு புதிதாகப் படமெடுத்து 2012-ல் வந்த பதிப்பில் மை, அடித்தல், ஓரக் குறிப்பு எல்லாம் தெளிவு. பார்க்க இது. படித்துப் புரிந்துகொள்ள புரூஸ் பெர்ன்ட் 1985-லிருந்து 1998 வரை ஐந்து பாகங்களில் ஒவ்வொரு முடிவையும் நிரூபித்துக் காட்டியது. பெர்ன்ட் தொகுதிகள் விலை அதிகம், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊர் என்றால் அங்கே போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

தமிழில் கணக்கதிகாரம் என்ற பழைய கணித நூல். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பல சுவடிகளைச் சேர்த்துத் தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது, அதை வாங்குங்கள். எல்லாரும் பலாப்பழக் கணக்கையே சொல்வார்கள்: காம்பருகே உள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று வரும். பழத்தை அறுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூலின் உண்மையான சத்து நிலம், பொன், நெல் அளவைகளில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை தினமும் எதைக் கணக்கிட்டார் என்பதற்கு அது சாட்சி.

கடைசியாக, கேட்டவுடன் அச்சடித்துத் தரும் நிறுவனங்களைப் பற்றி. அவர்கள் இணைய நூலகத்திலிருந்து ஸ்கேனை இறக்கி அப்படியே அச்சடிக்கிறார்கள். மடித்து வைத்த வரைபடம் மடிந்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கும், சில பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் விரல்கூட இருக்கும். மூன்று தொகுதி நூலில் முதல் தொகுதியை மட்டும் முழு நூல் போல விற்பதும் நடக்கிறது. எழுத்தை மட்டும் கணினியால் படித்தெடுத்து அச்சடிப்பது இன்னும் மோசம். கணித நூலில் அடுக்குக்குறி கீழே இறங்கி x² என்பது x2 ஆகிவிடும், பிறகு நூல் முழுக்கக் குப்பை. தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், நடுவில் படமோ சமன்பாடோ உள்ள ஒரு பக்கம், இந்த மூன்றின் படத்தையும் கேளுங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, மொழிபெயர்த்தவர் யார் என்று போடாத நூலைத் திருப்பி அனுப்புங்கள்.

பணம் பற்றவில்லை என்றால் வேசாலியசை விட்டுவிடலாம், பெரிய நூலகங்கள் நல்ல ஸ்கேன்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஹீத்தின் மூன்று தொகுதிகளும், காங்ளே இரண்டாம் மூன்றாம் பாகங்களும், சரசுவதி மகால் கணக்கதிகாரமும் முதலில். பழைய கிரேயைச் செகண்ட் ஹாண்டில் தேடுங்கள். 1901 பதிப்பின் நகலை ஆசையாக வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு விற்றவர்கள் நிறைய.